பழைய மவுண்டன் சைக்கிளை வீட்டிலேயே மின் சைக்கிளாக்குவது எப்படி?

எனக்குத் திருகோணமலை உவர்மலையில் வீடு, வடக்கே கடலோர நிலாவெளியில் வேலை. போக வர ஏறக்குறைய 30 கிலோமீற்றர். காலையில் சைக்கிளில் போவது சுகம். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் மாலையில் திரும்புவதுதான் பாடு. வழியிலுள்ள சாம்பல்தீவுப் பாலத்தில் ஏறியதும் காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். 2022இல் பெட்ரோலுக்கு நாள் கணக்கில் வரிசையில் நின்ற பிறகு, வீட்டுக் கோடியில் துருப்பிடித்துக் கிடந்த மவுண்டன் சைக்கிளை வெளியே எடுத்தேன். இன்று அது பற்றரியில் ஓடுகிறது.

ஸ்பனர் பிடித்துப் பழக்கமில்லாதவரும் இரண்டு வார இறுதிகளில் இதைச் செய்து முடிக்கலாம். ஆனால் வேலையின் ஒழுங்கை மாற்றாதீர்கள். மோட்டார் வாங்குவது முதல் வேலை அல்ல.

முதலில் அது நல்ல சைக்கிளாக வேண்டும்

மோட்டாரும் பற்றரியும் சேர்ந்து 6, 7 கிலோ எடை கூடும். முன்பு இறக்கத்தில் மட்டும் பிடித்த வேகத்தை இனிச் சமதரையிலும் பிடிப்பீர்கள். ஆண்டுக் கணக்கில் கிடந்த சைக்கிளின் பிரேக் கட்டைகள் கல்லாக இறுகியிருக்கும். அவற்றையும் பிரேக் கம்பிகளையும் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். சைக்கிள் சட்டத்தின் (பிரேம்) ஒட்டு இணைப்புகளை ஈரத் துணியால் துடைத்து, மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று வெயிலில் வைத்துப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் அந்தச் சட்டம் இந்த வேலைக்கு ஆகாது. பிறகு முன் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் அசையுங்கள். ஹாண்டில் கழுத்தில் ‘டக்’ என்று ஆட்டம் தெரிந்தால் சைக்கிள் கடையில் கொடுத்து இறுக்கிக்கொள்ளுங்கள்.

ஒரு காந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள்

தொடக்கத்தில் இருப்பவர்களுக்கு முன்சக்கர மோட்டார், அதாவது முன்சக்கரத்தின் நடுவிலேயே அமைந்த மோட்டார்தான் எளிது. பின்பக்கத்துக் கியரையும் சங்கிலியையும் தொட வேண்டியதில்லை. ஆனால் முன்சக்கரத்தைத் தாங்கும் கவை இரும்பாக இருக்க வேண்டும். அச்சு வந்து அமரும் வெட்டின் அருகே காந்தத்தை வையுங்கள். ஒட்டினால் இரும்பு, தொடரலாம். ஒட்டாவிட்டால் அது அலுமினியமோ மக்னீசியக் கலவையோ ஆகும். ஸ்பிரிங் வைத்த கவைகள் பலவற்றில் அடிப்பகுதி அப்படித்தான் இருக்கும். இந்த உலோகங்கள் விரிந்து கொடுக்காமல் சட்டென்று உடைந்துவிடும். அப்படியானால் சாதாரண இரும்புக் கவை ஒன்றை மாற்றிப் போடுங்கள், அல்லது பின்சக்கர மோட்டாருக்குப் போங்கள். இடைவழி கிடையாது.

என்ன வாங்க வேண்டும்

36 வோல்ட், 250 வாட், உள்ளே கியர் உள்ள முன்சக்கர மோட்டார், றிம்மில் கோத்த நிலையில். ரயரின் பக்கவாட்டில் 26 × 1.95 என்பதுபோல் எழுதியிருக்கும். முதல் எண்தான் உங்களுக்கு வேண்டிய சக்கர அளவு. கவையின் இரு முனைகளுக்கும் இடையே உள்ளளவு 100 மில்லிமீற்றர் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். மோட்டாருக்குப் போகும் மின்னை அளந்து விடும் கட்டுப்பாட்டுப் பெட்டி, மின்னைத் துண்டிக்கும் பிரேக் பிடிகள், மிதிப்பதை அறிந்து மோட்டாரை ஓடவைக்கும் பெடல் உணரி, மிதிக்காமலே மோட்டாரை ஓட்ட ஹாண்டிலில் பூட்டும் கைத் திருகி ஆகியவை பெரும்பாலும் மோட்டாருடனேயே வரும்.

பற்றரி 36 வோல்ட், 10 அம்பியர்-மணி. இரண்டையும் பெருக்கினால் 360 வாட்-மணி. நாமும் மிதித்துக்கொண்டு போனால் கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 10 வாட்-மணி செலவாகும், கைத் திருகியை மட்டும் நம்பிப் போனால் 15க்கு மேல். ஆகவே மிதிப்பவர் நிலாவெளிக்குப் போய்த் திரும்பிவிடலாம், மிதிக்காதவர் திரும்பும் வழியில் தள்ளிக்கொண்டு வர நேரும். பழைய மடிக்கணினிக் கலங்களைச் சேர்த்து நீங்களே பற்றரி கட்ட முயல வேண்டாம். லிதியம் கலம் தீப்பற்றினால் வீட்டில் இருப்பதைக் கொண்டு அணைக்க முடியாது. பாதுகாப்புச் சுற்று உள்ள, முழுதாகக் கட்டிய பற்றரியையே வாங்குங்கள்.

சக்கரத்தைப் பூட்டுதல்

பழைய ரயரையும் ரியூப்பையும் புதிய றிம்முக்கு மாற்றி, சக்கரத்தைக் கவையில் வையுங்கள். மோட்டார் அச்சின் இரு பக்கங்களும் 10 மில்லிமீற்றர் அகலத்துக்குத் தட்டையாக இருக்கும். வெட்டினுள் அது அடிவரை இறங்க வேண்டும். பெயின்ற் தடுத்தால் அரத்தால் மெல்லத் தேய்த்து எடுங்கள், இரும்பைத் தின்றுவிடாதீர்கள். மோட்டாரில் அம்புக்குறி இருந்தால் அது முன்னோக்கிச் சுழலும் பக்கமாக அமைய வேண்டும்.

இனி முறுக்குத் தாங்கி. கடையில் ‘டோர்க் ஆர்ம்’ என்று கேளுங்கள். அச்சின் தட்டையைக் கவ்வி, மறுமுனை கவையின் காலோடு கட்டப்படும் தடித்த இரும்புத் தகடு அது. நட்டு இறுக்கமாகத்தானே இருக்கிறது என்று நான் முதலில் இதைப் போடவில்லை. முதல் வாரத்திலேயே உவர்மலை ஏற்றத்தில் திருகியைத் திருப்பியபோது காலடியில் ஒரு வெடிச்சத்தம். இறங்கிப் பார்த்தால் சக்கரம் சுழல்வதற்குப் பதிலாக அச்சு சுழன்றிருந்தது. மோட்டார் வயர் அச்சோடு இரண்டு சுற்றுச் சுற்றி, உறை கிழிந்து, மஞ்சளும் பச்சையும் நீலமுமான வயர்கள் செப்புத் தெரியப் பிதுங்கி நின்றன. கவையின் வெட்டு மீன் வாய்போல் பிளந்திருந்தது. வேகம் கூடியிருந்தால் முன்சக்கரமே கழன்றிருக்கும்.

காரணம் எளிய கணக்கு. இத்தகைய மோட்டார் புறப்படும்போது 30 நியூட்டன் மீற்றர் அளவுக்கு முறுக்கும். அதே முறுக்கு எதிர்ப்பக்கமாக அச்சையும் திருப்பப் பார்க்கும். அதைத் தடுப்பது 10 மில்லிமீற்றர் தட்டையின் ஓரங்கள் மட்டுமே என்றால், ஒவ்வோர் ஓரத்திலும் 300 கிலோவுக்கு மேற்பட்ட பாரம் அழுத்தும். முறுக்குத் தாங்கியின் நீண்ட கை அந்தப் பாரத்தைக் கவையின் கால்மீது இறக்கிவிடுகிறது. முடிந்தால் இரு பக்கமும் போடுங்கள். பிறகு வாசர் வைத்து நட்டை நன்றாக இறுக்குங்கள்.

மற்றவை

பற்றரித் தட்டைத் தண்ணீர்ப் போத்தல் பூட்டும் துளைகளில் பூட்டலாம். பெடல் உணரியைக் கிராங்க் (பெடல் பூட்டிய கை) அடியில் மாட்டுங்கள். உணரியோடு வரும், கிராங்கோடு சுழலும் காந்த வளையத்துக்கும் உணரிக்கும் இடையே 2, 3 மில்லிமீற்றர் இடைவெளி போதும். கிராங்கைக் கழற்றத் தனிக் கருவி வேண்டும். சைக்கிள் கடையில் ஐந்து நிமிட வேலை அது, சுத்தியலால் தட்டிக் கழற்றாதீர்கள். பழைய பிரேக் பிடிகளை எடுத்துவிட்டுப் புதியவற்றைப் போடுங்கள்.

வயர்களை நிறத்துக்கு நிறம், அம்புக்கு அம்பு பார்த்துச் சேருங்கள். பற்றரி எல்லாவற்றுக்கும் கடைசியில். அதற்கு முன் வோல்ட் அளக்கும் மல்ரிமீற்றர் வைத்து நேர்முனை, எதிர்முனை பாருங்கள். முழுதாகச் சார்ஜ் ஏறிய பற்றரி 42 வோல்ட் காட்டும். முனை மாறினால் கட்டுப்பாட்டுப் பெட்டி அந்தக் கணமே போய்விடும். சரியாகச் சேர்க்கும்போதும் சிறு பொறி தெறிக்கலாம், பயப்பட வேண்டாம். முன்சக்கரத்தை நிலத்தில் படாமல் உயர்த்தி மெல்லத் திருகுங்கள். சுழலும்போது ஒவ்வொரு பிரேக் பிடியையும் தனித்தனியே அழுத்துங்கள். மோட்டார் உடனே ஓய வேண்டும். அது நடக்காமல் வீதிக்குப் போகாதீர்கள்.

நம் ஊர் உப்புக் காற்று

வேறு ஊரில் எழுதப்பட்ட விளக்கங்களில் இந்தப் பகுதியை அதிகம் காணமாட்டீர்கள். கடலோர வீதியில் ஓடும் சைக்கிளில் இணைப்புகளின் முள்ளில் பச்சைப் பொடி பூக்கும். முதலில் மோட்டார் விட்டுவிட்டு இழுக்கும், பிறகு ஒருநாள் நின்றுவிடும். ஒவ்வோர் இணைப்பையும் பூட்டுமுன் உள்ளே மெல்லிதாக வாஸ்லின் பூசுங்கள். பெட்டிக்குள் நுழையும் வயர் ஒவ்வொன்றுக்கும் சற்றுக் கீழே ஒரு தொங்கல் விடுங்கள். மழைநீர் வயர்வழி ஓடிவந்து அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், உள்ளே ஏறாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அச்சு மூழ்கும் வெள்ளத்தில் இறங்க வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உப்பைத் துடைத்துவிடுங்கள். குழாயால் பீச்சிக் கழுவக் கூடாது.

வெயிலில் வந்த பற்றரியை உடனே சார்ஜ் போடாமல் அரை மணி நேரம் ஆறவிடுங்கள். 2 அம்பியர் சார்ஜரில் முழுதாக ஏற ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆட்கள் விழித்திருக்கும்போது, சீமெந்துத் தரையில், திரைச்சீலைக்கும் மெத்தைக்கும் தள்ளி வைத்துப் போடுங்கள்.

முதல் ஓட்டத்துக்கு உட்துறைமுக வீதி அதிகாலையில் நல்ல இடம், ஏற்றமில்லை. 5 கிலோமீற்றர் ஓடியதும் அச்சு நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். இறுக்கிய பிறகு நட்டின் மீதும் கவையின் மீதுமாக ஒரே நேர்கோடாக வெள்ளைப் பெயின்ற்றால் கீறிவிடுங்கள். ஒவ்வொரு காலையும் புறப்படுமுன் குனிந்து அந்தக் கோட்டைப் பாருங்கள். சற்று விலகியிருந்தாலும் சைக்கிளை வைத்துவிட்டு அன்று பஸ்ஸில் போங்கள்.