சியாபுவை நிறுத்திய முதல் மாதங்கள்: வீட்டார் செய்ய வேண்டியவை

சியாபு எனப்படும் மெத்தம்பெட்டமின் போதைப்பொருளை நிறுத்திவிட்டேன் என்று பிள்ளையோ கணவரோ வந்து நின்றால், வீட்டில் முதலில் நடப்பது சத்தியம் வாங்குவது. அடுத்து கோயிலில் நேர்த்திக்கடன். இரண்டும் இருக்கட்டும். ஆனால் எந்த வாரத்தில் எதை எதிர்பார்க்கலாம் என்பதை மூளைதான் முடிவு செய்யும். அதற்கேற்பத் திட்டமிடுங்கள்.

மெத்தம்பெட்டமின் நரம்பணுவுக்குள் புகுந்து, சேமிப்பில் இருக்கும் டோபமின் என்ற, உற்சாகத்தையும் ஆசையையும் தூண்டும் மூளை வேதிப்பொருளை வெளியே தள்ளுகிறது. வெளியேறியதைத் திரும்ப உள்ளே இழுக்க வேண்டிய கடத்திப் புரதமும் எதிர்த்திசையில் வேலை செய்யத் தொடங்குகிறது. கொக்கைன் அந்தப் புரதத்தை அடைப்பதோடு சரி. சியாபு ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 10 முதல் 12 மணி நேரம் ஆகும். அதனால்தான் பல நாள் தூங்காமல் கிடக்க முடிகிறது. டோபமின் வறண்டு, தூக்கக் குறைவும் சேர்ந்திருப்பதால் நிறுத்தியதும் சுருண்டு விழுகிறார்.

முதல் வாரம்

தூங்க விடுங்கள். சோம்பேறித்தனம் என்று திட்டி எழுப்பாதீர்கள், உறவினரைக் கூப்பிட்டு அறிவுரை சொல்ல வைக்காதீர்கள். மூச்சு சீராக இருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். தட்டியும் விழிக்காவிட்டால் வேறு மருந்தும் கலந்திருக்கலாம், உடனே 999 அவசர எண்ணுக்கு அழையுங்கள். விழித்திருக்கும்போது மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கஞ்சி, முட்டை, வாழைப்பழம், நிறையத் தண்ணீர். பசி கடுமையாக வரும், அது நல்ல அறிகுறி. தூக்க மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

உடல் சோர்வு பெரும்பாலும் முதல் நாளில் உச்சத்தைத் தொட்டு, வாரக் கடைசிக்குள் தணியும். மனச்சோர்வு அப்படியல்ல, இன்னும் இரண்டு மூன்று வாரம் இழுக்கலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. மனத்துயரில் பேசி உதவும் பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929, ஹீல் 15555, தாலியன் காசே 15999 எண்களைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வையுங்கள்.

யாரோ பின்தொடர்கிறார்கள், சுவருக்குள் குரல் கேட்கிறது என்று சொன்னால் வாதாடாதீர்கள். ஆமாம் என்றும் சொல்லாதீர்கள். "உனக்குப் பயமாக இருக்கிறது, புரிகிறது" என்பதே போதும். தொலைக்காட்சியை அணைத்து, கத்திகளை எடுத்து வைத்து, வாசலை மறிக்காமல் நில்லுங்கள். சில நாளில் அடங்காவிட்டால், அல்லது யாரையாவது தாக்க முனைந்தால், மருத்துவமனை அவசரப் பிரிவுதான். நெஞ்சுவலி, வலிப்பு, உடம்பு அனலாய்க் கொதிப்பது ஆகிய மூன்றுக்கும் காத்திருக்கவே கூடாது.

மருத்துவரிடம்

பக்கத்துக் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார நிலையம்) கடிதம் வாங்கி, கோலாலம்பூர் அல்லது பினாங்கு பொது மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். ஏஏடிகே எனப்படும் தேசிய போதைப்பொருள் எதிர்ப்பு முகமையின் கிளையிலும் தானாக முன்வந்து சிகிச்சை கேட்க வழியுண்டு. ஹெராயினுக்கு மெத்தடோன் இருப்பதுபோல் இதற்கு இன்னும் நிலைத்த மருந்து இல்லை. 2021இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் நால்ட்ரெக்ஸோன் ஊசியும் புப்ரோபியோனும் சேர்த்துக் கொடுத்தபோது 13.6 விழுக்காட்டினருக்குப் பலன் தெரிந்தது, வெற்று மருந்து பெற்றவர்களில் 2.5 விழுக்காடு. வித்தியாசம் உண்மை, ஆனால் சிறியது. ஒரே மாதத்தில் குணம் என்று விற்கப்படும் எந்த மூலிகைப் பொட்டலத்துக்கும் காசைக் கொட்டாதீர்கள்.

இதைவிட வலுவான சான்று உள்ளது பரிசு முறைக்கு. சிறுநீரில் சியாபு பொதுவாக 2 முதல் 4 நாள் வரை தெரியும், அதனால் வாரம் இருமுறை, திங்களும் வியாழனும் சோதனை. சுத்தமாக வந்தால் அன்றே சிறு பரிசு: முதலில் 5 வெள்ளி மதிப்பு, அடுத்து 7, பிறகு 9. தவறினால் மறுபடி 5. ரொக்கம் வேண்டாம், தொலைபேசிக் கட்டணமோ நாசி கண்டார் சாப்பாடோ போதும். டோபமின் வறண்ட மூளைக்கு அடுத்த மாதப் பரிசு உறைக்காது என்பதால் உடனே கொடுப்பதே முக்கியம். முடிந்தால் சோதனையைக் கிளினிக்கிடம் விடுங்கள், வீட்டிலே செய்தால் சண்டையில்தான் முடியும். சூடோஎபெட்ரின் உள்ள சளி மாத்திரை சோதனைப் பட்டையை ஏமாற்றக்கூடும். சந்தேகம் வந்தால் குற்றம் சாட்டுமுன் ஆய்வுக்கூட உறுதிச் சோதனை கேளுங்கள்.

இரண்டாம் மாதம் தொட்டு

2001இல் அமெரிக்க மூளை ஆய்வாளர் நோரா வோல்கோவின் குழு, நிறுத்தி 12 முதல் 17 மாதம் ஆன 5 பேரின் மூளையை மீண்டும் படமெடுத்தது. டோபமின் கடத்திகள் மூளையின் ஒரு பகுதியில் 19 விழுக்காடும் மற்றொன்றில் 16 விழுக்காடும் கூடியிருந்தன. நினைவாற்றலும் கை கால் வேகமும் அந்த அளவுக்குத் தேறவில்லை. ஐந்தே பேர்தான் என்றாலும், மூன்றாம் மாதத்தில் "இன்னும் மறதியா?" என்று கேட்பது ஏன் நியாயமில்லை என்பதை இது காட்டுகிறது.

ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள், தாளில் எழுதிக் கொடுங்கள், கிளினிக் நாளுக்குத் தொலைபேசியில் அலாரம் வையுங்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையோ லாரி ஓட்டமோ, இரவு ஷிப்டை முதல் ஆறு மாதம் தவிர்க்கப் பாருங்கள். விழித்திருப்பதற்காகவே தொடங்கியவர்கள் நிறைய. சம்பள நாள், தீபாவளி போனஸ், பழைய கூட்டாளியின் எண் ஆகியவற்றில்தான் ஏக்கம் பாயும். அந்த நாள்களில் காசு அவர் கையில் சேராமல், அவரே சம்மதித்து, இன்னொருவர் கணக்குக்குப் போகட்டும்.

மீண்டும் எடுத்துவிட்டால், பழைய அளவை உடம்பு இப்போது தாங்காது என்பதை அவருக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருக்க வேண்டும். அன்றே கிளினிக்குக்கு அழைத்து, அடுத்த சந்திப்பை முன்தள்ளக் கேளுங்கள். திங்கள் வியாழன் சோதனை அப்படியே தொடரட்டும், பரிசு 5 வெள்ளியிலிருந்து.