மீன் தீவனத்தில் ஈஸ்ட் கலக்கப் போகிறீர்களா?

குளத்தில் ரோகு, திலேப்பியா வளர்ப்பவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. ரொட்டிக்குப் போடுகிற அதே வகை ஈஸ்ட்தான் மீனுக்கும். அதன் செல் சுவரில் இருக்கும் பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்து மீனின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும். புரதமும் பி வைட்டமின்களும் கூடுதல் வரவு.

கிலோ தீவனத்துக்கு 5 முதல் 10 கிராம் போதும். பலர் சொதப்புவது கலக்கும்போதுதான். கொதிக்கிற கஞ்சியில் கொட்டினால் ஈஸ்ட் செத்துவிடும். (செத்தாலும் பீட்டா குளுக்கான் மிஞ்சும், முழு நஷ்டம் இல்லை.) நீர்த்த அரிசிக் கஞ்சியை, விரல் வைத்தால் லேசான வெதுவெதுப்பு மட்டும் தெரியும்வரை ஆறவிட்டு, அதில் ஈஸ்ட்டைக் கரையுங்கள். கிலோ தீவனத்துக்கு 100 மில்லி கஞ்சிக்கு மேல் வேண்டாம், தீவனக் குருணை ஊறிப் பொதபொதவென்று ஆகிவிடும். தீவனத்தின் மேல் தெளித்து, கையால் புரட்டி, நிழலில் ஒரு மணி நேரம் பரப்பி வையுங்கள். கஞ்சிதான் இங்கே பசை. வெறும் தண்ணீரில் கலந்தால் பாதி ஈஸ்ட் குளத்து நீரில்தான் கரையும்.

அன்றைக்கு வேண்டியதை மட்டும் கலக்கவும். ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சை பிடிக்கும்.

அப்புறம், விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால் ஈஸ்ட்டைத் தேடாதீர்கள். அது ஆக்ஸிஜன் குறை. முதலில் நீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரைப் போடுங்கள்.