நன்றி சொல்ல நேரம் ஒதுக்குவது எப்படி? அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களுக்கான நவம்பர் செய்முறை

நியூ ஜெர்சியில் எங்களுக்கு நவம்பர் மாதம் ஓட்டமாகவே கழியும். தீபாவளி விருந்துகள் ஓய்வதற்குள் தேங்க்ஸ்கிவிங் வந்துவிடும். மறுநாளே பிளாக் ஃபிரைடே தள்ளுபடி விற்பனை. உள்நாட்டுப் போரின் நடுவே, 1863-இல், நன்றி செலுத்துவதற்கென்றே ஆபிரகாம் லிங்கன் நாடு முழுவதற்கும் அறிவித்த நாள் தேங்க்ஸ்கிவிங். அந்த விற்பனைக்கு அதைப் பறிகொடுக்க எனக்கு மனமில்லை. நேரம் கிடைக்கும்போது பார்க்கலாம் என்றிருந்தால் கிடைக்காது. தானாக வரும் இடைவெளிகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

படி 1: இலவசமாக வரும் ஒரு மணி நேரம்

கோடைக்கால நேரம் முடிவதால், நவம்பர் முதல் ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்குக் கடிகாரம் ஒரு மணிக்குத் திரும்புகிறது. அந்தக் கூடுதல் மணியைக் கடிதம் எழுத வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து தேங்க்ஸ்கிவிங் வியாழனுக்குக் குறைந்தது 18 நாட்கள் இருக்கும். திங்களன்றே தபாலில் சேர்த்துவிடுங்கள்.

படி 2: கடிதம்

எனக்கு அதிக நேரம் பிடித்தது இதற்குத்தான். ‘நீங்கள் எனக்கு எவ்வளவோ செய்திருக்கிறீர்கள்’ என்று தொடங்கினால் இரண்டாவது வரி வராது. ஒரே ஒரு செயலை எடுங்கள். எந்த இடம், அவர் கையில் என்ன இருந்தது என்று எழுதுங்கள். என் பெரியம்மாவுக்கு நான் எழுதியது:

‘பெரியம்மா, நான் கல்லூரிக்குப் புறப்பட்ட அன்று திருச்சி பஸ் நிலையத்தில், பஸ் நகரும் நேரத்தில், முந்தானையில் முடிந்து வைத்திருந்த பணத்தை ஜன்னல் வழியாக என் கையில் திணித்தீர்கள். முதல் மாத மெஸ் கட்டணத்தை அதில்தான் கட்டினேன். இதை உங்களிடம் சொன்னதே இல்லை.’

அவர் செய்தது என்ன, அதனால் உங்களுக்கு என்ன ஆனது. இந்த இரண்டும் வந்துவிட்டால் கடிதம் முடிந்தது. சொத்து விவகாரம், பழைய மனத்தாங்கல் எதையும் இதில் கலக்காதீர்கள்.

கோடு போட்ட தாளும் பால்பாயிண்ட் பேனாவும் போதும். ஜெல் பேனா வேண்டாம். கடிதம் போய்ச் சேரும்போது ஊரில் மழைக்காலம், ஈரம் பட்டால் எழுத்து கலங்கிவிடும். வாட்ஸ்அப்பும் வேண்டாம். காலை வணக்கப் படங்களுக்கு நடுவே புதைந்துபோகும். காகிதம் என்றால் பீரோவில் புடவைக்கு அடியில் பத்திரமாக இருக்கும். ஒரு அவுன்ஸ் வரையுள்ள கடிதத்துக்கு ‘குளோபல் ஃபாரெவர்’ ஸ்டாம்ப் ஒன்று போதும்.

படி 3: தொலைபேசி

கடிகாரம் மாறியதும் இந்தியாவுடனான நேர வித்தியாசம் இங்கே 9.30 மணியிலிருந்து 10.30 மணியாகிவிடும். வியாழன் காலை எட்டு மணிக்கு அழைத்தால் ஊரில் மாலை ஆறரை, விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். கலிஃபோர்னியாக்காரர்கள் அந்த நேரத்தில் அழைத்தால் அங்கே இரவு ஒன்பதரை ஆகிவிடும். புதன் மாலை ஆறு மணிக்கே அழையுங்கள். ஊரில் வியாழன் காலை ஏழரை.

படி 4: விருந்து

வான்கோழியை அடுப்பிலிருந்து எடுத்ததும் வெட்டக் கூடாது, இருபது நிமிடமாவது அப்படியே விட வேண்டும். எங்கள் வீட்டில் காய்கறி பிரியாணிதான். தம் போட்டு இறக்கிய பிறகு அதற்கும் இடைவெளி உண்டு. எல்லோரையும் மேசையில் உட்கார வைக்க அதுதான் சமயம். ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவர் இந்த ஆண்டு செய்த ஒரு செயலைச் சொல்லட்டும். ‘ஆரோக்கியத்துக்கு நன்றி’ போன்ற பொதுப் பேச்சை ஏற்காதீர்கள். சென்ற ஆண்டு என் மகள், காய்ச்சலில் கிடந்தபோது அண்ணன் தன் போர்வையையும் கொண்டுவந்து போர்த்திவிட்டதைச் சொன்னாள். எங்களுக்கு அது தெரியவே தெரியாது.

பின்சேர்க்கை

அரிசோனாவிலிருந்து ஒருவர், ‘எங்களுக்குக் கடிகாரமே மாறாதே’ என்று எழுதியிருந்தார். உண்மைதான், ஹவாயிலும் அப்படித்தான். நவம்பர் 11, படைவீரர் தினம், உங்களுக்கு விடுமுறையாக இருந்தால் அன்று எழுதுங்கள். தபால் நிலையம் அன்று மூடியிருக்கும், ஸ்டாம்ப்பை முன்பே வாங்கிவிடுங்கள்.

நன்றி சொல்ல வேண்டியவர் காலமாகிவிட்டால்? அவருடைய பிள்ளைகளுக்கு எழுதுங்கள். என் கணித ஆசிரியரின் மகனுக்கு அப்படித்தான் எழுதினேன்; தன் தந்தை வகுப்பில் எப்படி இருப்பார் என்று இன்னும் எழுதச் சொல்லிப் பதில் போட்டார்.

கனடாவில் தேங்க்ஸ்கிவிங் அக்டோபர் இரண்டாவது திங்களே வந்துவிடும். செப்டம்பர் முதல் திங்களான தொழிலாளர் தினத்தில் கடிதத்தை முடித்துவிடுங்கள். தொலைபேசிக்கு, டொராண்டோவில் அப்போது வித்தியாசம் 9.30 மணி நேரம்தான்.