பால் கூடை திரும்பி வரவேண்டுமானால்

கடைகளுக்கு யோகட்டும் பால் பக்கற்றும் ஏற்றிப்போகும் பிளாஸ்டிக் கூடைகளில் களவு போவதை விட, கொடுத்த இடத்திலேயே நின்றுவிடுபவைதான் கூட. கடையின் பின்பக்கம் தண்ணீர்க் கானுக்கு அடியில் ஒன்று, முதலாளி குந்துவதற்குக் கவிழ்த்தபடி ஒன்று, பக்கத்து மரக்கறிக்காரருக்கு இரவலாக இரண்டு. மீன் யாவாரிகளிடம் போனவை வேறு. மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொள்ள அளவான பெட்டி அது. உண்மையான களவும் உண்டு. அடர்த்தி கூடிய பொலித்தீனை அரைத்துத் திரும்ப உருக்கலாம் என்பதால், பழைய சாமான் கடையில் நிறுத்து விற்க முடியும்.

முதல் வேலை எண்ணுவது. ஒரு நாள் மாலை ஸ்டோரிலும் லொறியிலும் உள்ளதை எண்ணுங்கள். மறுநாள் காலை லொறியோடு போய்க் கடைகளில் நிற்பதை எண்ணுங்கள். நாளுக்கு 60 கூடை வெளியே போனால் கடைகளில் 60, கழுவிக் காய்வதில் 60, ஏற்றுவதற்கு 60 என்று 180 வேண்டும். உடைவுக்கு ஒரு 20 சேர்த்தால் 200. திருகோணமலையிலிருந்து வடக்கே குச்சவெளி, புல்மோட்டைப் பக்கம் மூன்று நாளுக்கு ஒருமுறை போகும் லொறி என்றால் அந்தக் கூடைகள் மூன்று நாளும் கடையிலேயே நிற்கும். அதற்குத் தனிக் கணக்கு வையுங்கள். போதாத கூடையோடு தொழில் செய்தால் பையன்கள் மற்றக் கம்பனியின் கூடையை ஏற்றி வருவார்கள், உங்களுடையதை அவர்கள் ஏற்றிப்போவார்கள். பிறகு யாரையும் கேட்க முடியாது.

அடுத்தது அடையாளம். ஸ்டிக்கரும் பெயின்ரும் இந்தப் பிளாஸ்டிக்கில் ஒட்டாது, நாலு கழுவலில் உரிந்துவிடும். மார்க்கர் எழுத்தை வெயில் தின்றுவிடும். சூடு போடுவதுதான் நிற்கும். வெல்டிங் பட்டறையில் இரும்புப் பட்டியை வளைத்து 25 மில்லிமீற்றர் உயர எழுத்தாகச் செய்வித்து, ஒரு அடிக் கம்பியில் ஒட்டி மரப்பிடி போட்டுக்கொள்ளுங்கள். இரும்பு சிவக்கக் கூடாது. இந்தப் பிளாஸ்டிக் ஏறத்தாழ 130 பாகை செல்சியஸில் உருகும், சிவந்த இரும்பு ஓட்டையே போட்டுவிடும். முதலில் உடைந்த கூடையில் வைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று செக்கனில் அரை மில்லிமீற்றர் இறங்கினால் சூடு சரி. எடுக்கும்போது நூல் நூலாக இழுபட்டால் ஆறவிடுங்கள். ஒவ்வொரு சூட்டுக்குப் பிறகும் எழுத்தைக் கம்பித் தூரிகையால் தேய்க்காவிட்டால் அடுத்தது மங்கும். வெளியில், காற்று முதுகுப் பக்கம் இருக்க நின்று செய்யுங்கள், புகை நல்லதல்ல.

சூடு போடும் இடம் இரண்டு குறுகிய பக்கங்களின் வெளிப்புறமும் அடியும். பக்கத்தைச் சுரண்டுபவர் அடியை மறந்துவிடுவார். மூலை விலாவிலும் கைபிடி விளிம்பிலும் போடாதீர்கள், அடுக்கின் பாரம் அங்கேதான் இறங்குகிறது. உட்புறமும் வேண்டாம், சிந்திய பால் பள்ளத்தில் தங்கிப் புளிக்கும். சூடு போட்ட எழுத்துக்குக் கீழே சோல்டரிங் அயனால் வருடமும் வரிசை எண்ணும் எழுதுங்கள். தொலைபேசி எண் போட்டால் கண்டெடுத்தவர் அழைக்க வசதி.

கணக்குக்கு ஒரு கொப்பி போதும். கடைக்கு ஒரு பக்கம்: பழைய நிலுவை, இறக்கியது, ஏற்றியது, புது நிலுவை, கடைக்காரரின் கையொப்பம். நிலாவெளிக் கடை ஒன்றில் நிலுவை 6, இன்று இறக்கியது 4, ஏற்றியது 3 என்றால் அங்கே 7 நிற்கவேண்டும். கையொப்பத்துக்கு முன் பின்பக்கம் போய் எண்ண வேண்டும். "அண்ணை, ஏழு நிக்கவேணும், ஐஞ்சுதான் கிடக்குது" என்று அன்றைக்கே சொன்னால் அவர் தேடி எடுத்துத் தருவார். மாதமுடிவில் சொன்னால் சண்டைதான் வரும். பால் சிட்டையிலேயே கூடை நிரலும் இருப்பது இன்னும் நல்லது. காசு வாங்கும்போது கண்ணில் படும்.

வைப்புப் பணம் வாங்குவதில் பலரும் பிழைவிடுவது தொகையில். புதுக் கூடை விலையில் கால்வாசி மட்டும் வாங்கினால், கடைக்காரர் அதைக் கால் விலைக்கு வாங்கியதாகவே நினைப்பார். புது விலைக்குக் கிட்ட இருக்கட்டும். சின்னக் கடைக்கு அது பாரமென்றால் நாலைந்து சிட்டையில் பிரித்துக் கழியுங்கள். நிலுவை உள்ள கடைக்கு மட்டும், அந்த நிலுவை அளவுக்கு மட்டும் திருப்பிக் கொடுங்கள். கூடை கொண்டுவரும் எவருக்கும் காசு என்றால் உங்கள் லொறியிலிருந்தே எடுத்து உங்களிடமே விற்பார்கள்.

விடிய ஐந்து மணிக்குக் கடை திறக்குமுன் விறாந்தையில் இறக்கிவைப்பதுதான் பெரிய ஓட்டை. தினம் போகும் கடையென்றால் சுவரில் 10 மில்லிமீற்றர் விரிவு போல்ட்டால் வலைக்கம்பிப் பெட்டி ஒன்று பூட்டி, ஒரு திறப்பு கடையிடமும் ஒன்று சாரதியிடமும் இருக்கட்டும். ஸ்டோர் முற்றத்தில் வெறுங்கூடைகளைச் சுவரோரம் பத்துப் பத்தாக அடுக்கி, கைபிடிகளுக்குள்ளால் 6 மில்லிமீற்றர் கம்பி வடம் ஓட்டிப் பூட்டுங்கள். மேலே படங்கு போடுவது களவுக்காக மட்டுமில்லை. வெயில் பட்ட கூடை இறுகி வெடிக்கும்.

உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்கள் நிரம்பும் நடு வருட மாதங்களில் கூடை கரையும். சமையலறைக்காரர் ஐஸ், மீன், மரக்கறி எல்லாம் அதிலேயே வைப்பார். அங்கே சரக்கை அவர்கள் பெட்டிக்கு மாற்றிவிட்டுக் கூடையைக் கையோடு எடுத்து வாருங்கள். கோயில் திருவிழாத் தாகசாந்திக்குத் தயிர் கொடுத்தாலும் அப்படியே. பந்தல் கழன்ற பிறகு பொறுப்பான ஆளைப் பிடிக்க முடியாது. மீன் வைத்த கூடையை மறுபடி பாலுக்கு எடுக்காதீர்கள். கீறலுக்குள் ஏறிய வாடை கழுவிப் போகாது.

களவு போனது தெரிந்தால் எண்களைக் கொப்பியிலிருந்து எடுத்து, அன்றே பொலிஸில் முறைப்பாடு பதிந்து, முறைப்பாட்டு இலக்கத்தோடு பழைய சாமான் கடைகளுக்குப் போங்கள். அதற்கு உங்கள் பக்கமும் சுத்தமாக இருக்கவேண்டும். உடைந்த கூடையை விற்குமுன் சூடு போட்ட துண்டுகளை வாளால் அறுத்தெடுத்து, எண்ணைக் கொப்பியில் வெட்டிவிடுங்கள். அறுக்காமல் விற்றிருந்தால், "இது உங்கட ஆள் கொண்டுவந்து தந்ததுதானே" என்று கடைக்காரர் சொல்ல, உங்களிடம் பதில் இருக்காது.