கேர்ட் வொனகட்டின் போர் நாவலை வட்டமாக இருந்து வாசிக்க

மட்டக்களப்பிலோ அம்பாறைக் கரையோரத்திலோ வாசிப்பு வட்டம் நடத்துகிறவர்கள் அமெரிக்க அங்கத (கேலியாகக் குத்திக் காட்டும்) எழுத்தாளர் ஒருவரை எடுக்க நினைத்தால், கேர்ட் வொனகட்டின் 'ஸ்லோட்டர்ஹவுஸ் பைவ்' (1969) நல்ல தெரிவு. பத்தே அத்தியாயம். உயர்தரம் முடித்த பிள்ளைக்கும் பிடிபடும் ஆங்கிலம். மொழி இலேசு, தொனிதான் இலேசில் பிடிகொடாது. நகைச்சுவை என்று கேள்விப்பட்டு வருகிறவர்கள் சிரிப்பைத் தேடித் தேடி இரண்டாம் அத்தியாயத்தோடு களைத்துப்போவார்கள்.

எட்டுப் பத்துப் பேர் போதும். ஆறு அமர்வு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணித்தியாலம். காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை ஆட்களும் வருவதென்றால் ஜும்ஆத் தொழுகை நாளான வெள்ளிக்கிழமை வேண்டாம். ஞாயிறு பின்னேரம் அல்லது போயா நாள் எல்லோருக்கும் தோது. மாரி மழைக்குள் தொடங்கினால் பாதிப் பேர் வரமாட்டார்கள், தை கழியட்டும். முதலாம் அத்தியாயத்துக்கு ஓர் அமர்வு, 2, 3க்கு ஒன்று, 4க்கு ஒன்று, நீளமான 5க்கு ஒன்று, 6 முதல் 8 வரை ஒன்று, 9, 10க்கு ஒன்று. பதிப்புக்குப் பதிப்பு பக்க எண் மாறும், ஆகவே எப்போதும் அத்தியாயத்தைச் சொல்லிப் பேசுங்கள். போனில் வாசிக்கிறவர்களின் பிரதியில் கல்லறைக்கல், கழுத்துப் பதக்கம் போன்ற கைச்சித்திரங்கள் விடுபட்டிருக்கலாம். அச்சுப் புத்தகம் ஒன்றாவது நடுவில் இருக்கட்டும்.

ஆசிரியரைப் பற்றி ஐந்து நிமிடத்துக்கு மேல் பேச வேண்டாம். 1922இல் இண்டியானாபொலிஸில் பிறந்தவர். 1944 டிசம்பரில் ஜெர்மானியரிடம் போர்க்கைதியானார். 1945 பெப்ரவரி 13 இரவு டிரெஸ்டன் நகரம் குண்டுவீச்சில் எரிந்தபோது, கைதிகளை வைத்திருந்த இறைச்சி அறுக்கும் கூடத்தின் நிலக்கீழ் அறையில் இருந்து உயிர் தப்பினார். பிறகு பிணம் தோண்டும் வேலைக்கு விடப்பட்டார். இதை நாவலாக்க அவருக்கு 24 வருடம் பிடித்தது. ஏன் அவ்வளவு காலம் என்பதை அவரே முதலாம் அத்தியாயத்தில் சொல்கிறார். முன்னுரை மாதிரி இருக்கிறதே என்று அதைத் தாண்டிப்போவதுதான் வட்டங்கள் விடும் முதற்பிழை. நாவலின் திறப்பு அங்கேதான் கிடக்கிறது.

அந்த அத்தியாயத்திலேயே நாவலின் கடைசிச் சொல் எது என்று சொல்லிவிடுகிறார். எரிந்து கிடக்கும் நகரத்தில் ஒரு தேநீர்ப் பாத்திரத்தை எடுத்ததற்காக ஒருவன் சுடப்படுவதையும் சொல்லிவிடுகிறார். "முடிவைச் சொல்லிவிட்டால் பிறகு என்ன கிடக்கு?" என்று யாராவது கேட்பார்கள். கூத்துப் பார்க்கிற ஊரில் இதற்கு மறுமொழி இலேசு. அபிமன்யு சாவான் என்று தெரியாமலா வட்டக்களரியைச் சுற்றி விடிய விடிய இருக்கிறோம்? என்ன நடக்கும் என்பதை விட்டுவிட்டு, எப்படிச் சொல்கிறார் என்பதில் கண்ணை வையுங்கள்.

கதைநாயகன் பில்லி பில்கிரிம் காலத்தில் நிலைகொள்ளாமல் முன்னும் பின்னும் வழுக்குகிறவன். குழம்பாமல் இருக்க, சுவரில் ஒரு கயிறு கட்டி 1922, 1944, 1945, 1948, 1967, 1968, 1976 என்று ஏழு அட்டைகளைக் கிளிப்பில் தொங்கவிடுங்கள். ஒவ்வொரு காட்சியையும் சிறு துண்டில் எழுதி அந்தந்த ஆண்டின் கீழ் மாட்டினால், போகப் போக 1945இன் கீழ் துண்டுகள் குவிந்து தொங்கும். பில்லி எங்கே ஓடினாலும் திரும்பி விழுகிற இடம் அது. அவன் சாகிற நாளும் 1976 பெப்ரவரி 13தான். திகதியைக் கவனிக்கச் சொல்லுங்கள், ஆனால் காரணத்தை நீங்களே உடைத்துவிடாதீர்கள்.

இனி முக்கியமான வேலை. சாவு வருகிற இடமெல்லாம் 'ஸோ இட் கோஸ்' (So it goes) என்று மூன்று சொல் வரும், நாவல் முழுக்க 106 தடவை. ஆளுக்கொரு பென்சில் கொடுத்து, வரும் இடமெல்லாம் கோடிடச் செய்யுங்கள். பிறகு கொப்பியில் மூன்று பத்தி போட்டுப் பிரியுங்கள்: மனிதர், பிற உயிர்கள், உயிரற்றவை. மூன்றாவது பத்தி வெறுமையாகவே இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நான்காம் அத்தியாயத்தில் வாயு போன ஷம்பேன் போத்தலுக்கும் அதே மூன்று சொல். கைதிகளின் உடுப்பில் நச்சுப்புகையால் செத்த பேனுக்கும் தெள்ளுக்கும் அதே சொல். ஒரு நகரம் எரிந்ததற்கும் அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. சாவுக்கு எடை போட மறுக்கும் இந்தத் தராசுதான் அவருடைய அங்கதம். தொல்காப்பியம் அங்கதத்தைச் செம்பொருள், கரந்தது என்று இரண்டாக்குகிறதே, இது இரண்டாவது வகை. வசை எங்கும் வெளியில் தெரியாது.

அந்த மூன்று சொல்லைத் தமிழாக்கச் சொன்னால் ஓர் அமர்வு முழுவதும் சூடாகப் போகும், போகட்டும். 'எல்லாம் விதி' என்றால் எழுதியவன் ஒருவன் மேலே வந்து உட்கார்ந்துவிடுகிறான். 'போகட்டும்' என்றால் யாரோ யாரையோ மன்னிக்கிற மாதிரி. 'என்ன செய்யிற' என்பது நம் வாயில் இயல்பாக வரும், ஆனால் அதில் பெருமூச்சு இருக்கிறது, மூலத்தில் இல்லை. சோதிக்க ஒரு வழி உண்டு. பேன், ஷம்பேன், நகரம் மூன்று இடத்தையும் உரத்து வாசித்து ஒரே சொல்லை மூன்றிலும் போட்டுப் பாருங்கள். 'அப்படித்தான்' மூன்றிலும் நிற்கும். ஆமோதிப்பது போலக் கேட்பது அதன் குறை, அதைப் பொறுத்துக்கொள்ளலாம். எதைத் தெரிந்தாலும் இடத்துக்கு இடம் மாற்றாதீர்கள். அலுப்புத் தட்டுகிறதே என்று பத்தாவது தடவையில் வேறு சொல் போடக் கை துறுதுறுக்கும். அலுப்புத் தட்டத்தான் அவர் அப்படி எழுதினார்.

நான்காம், ஐந்தாம் அத்தியாயங்களில் டிரல்பமடோர் என்னும் கிரகவாசிகள் வருகிறார்கள். எல்லாக் கணமும் எப்போதும் இருக்கிறது, செத்தவன் வேறொரு கணத்தில் நலமாகத்தான் இருக்கிறான், நல்ல கணங்களை மட்டும் பார்த்துக்கொண்டிரு என்பது அவர்கள் போதனை. இதையே ஆசிரியரின் தத்துவமாக எடுத்து, நம்மூர்க் கர்மக் கொள்கையோடு முடிச்சுப்போட்டு ஒருவராவது நீளமாகப் பேசுவார். பேச விட்டு, இரண்டு இடத்தைத் திறந்து காட்டுங்கள். ஒன்று, அதே கிரகவாசிகள் புது எரிபொருளைச் சோதிக்கப்போய்ப் பிரபஞ்சத்தையே அழித்துவிடுவார்கள். முன்கூட்டியே தெரிந்தும் தடுக்கமாட்டார்கள். மற்றது முதலாம் அத்தியாயம்: பைபிளில் எரியும் ஊரைத் திரும்பிப் பார்த்து உப்புத்தூணான லோத்தின் மனைவியை, திரும்பிப் பார்த்ததற்காகவே நேசிப்பதாக ஆசிரியர் சொல்கிறார். படுகொலையில் பங்கெடுக்கக் கூடாது என்று தன் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்ததும் அதே அத்தியாயத்தில்தான். பார்க்காதே என்பவர்களை ஒரு பக்கத்திலும் பார்த்தவளை மறுபக்கத்திலும் வைத்தால் யார் கேலிக்குரியவர் என்பது தெரியும்.

நாவலில் டிரெஸ்டனில் இறந்தோர் தொகை 1,35,000 என்று வரும். அது அக்காலத்தில் பரவியிருந்த பிழையான கணக்கு. 2010இல் முடிந்த வரலாற்றாய்வு 25,000 வரை என்கிறது. முதல் நாளே இதைச் சொல்லி முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒன்பதாம் அத்தியாயத்தில் வாசிப்பு நின்று எண்ணிக்கைச் சண்டை தொடங்கும். போர் பார்த்த ஊர்கள் இவை, செத்தவர் தொகைக்காகச் சண்டை பிடிப்பது இங்கே யாருக்கும் புதிதல்ல.

அதே காரணத்தால் ஐந்தாம், ஆறாம் அமர்வுகளில் ஒரு ஒழுங்கு தேவை. முதல் 70 நிமிடம் புத்தகத்தில் உள்ளது மட்டும், கடைசி 20 நிமிடம் சொந்த நினைவு சொல்ல விரும்பினால் சொல்லலாம். யாரையும் பெயர் சொல்லிக் கேட்கக் கூடாது. எழுந்து வெளியே போகிறவரை என்னவென்று விசாரிக்கவும் கூடாது.

பாணியைக் கையில் பிடித்துப் பார்க்க ஒரு பயிற்சி. இந்தக் கரையை அடித்த 1978 நவம்பர் 23 சூறாவளியைப் பற்றி ஆளுக்குப் பத்து வாக்கியம். உவமை இல்லை, அடைமொழி இல்லை, ஒரு வாக்கியத்தில் ஆறு சொல்லுக்கு மேல் இல்லை. முதல் வரைவு அநேகமாக இப்படி வரும்: "கோரத் தாண்டவமாடிய சூறாவளி எம் மண்ணைக் கண்ணீர்க் கடலில் ஆழ்த்தியது." மேடைப் பேச்சு நம் கைக்குள் அவ்வளவு ஊறிக் கிடக்கிறது. வெட்டியபின்: "இரவு காற்று வந்தது. கூரை போனது. விடிந்தபோது தென்னைகள் ஒரே பக்கமாகக் கிடந்தன. அடுத்த வீட்டுக் கிழவியைக் காணவில்லை. கோழி ஒன்று நின்றது." கோழியை எழுதத் துணிகிறவருக்கு வொனகட் பிடிபட்டுவிட்டார். கோழிக்குப் பிறகு விளக்கம் எழுதுகிறவருக்கு இன்னும் இல்லை.

கடைசி அமர்வில், பத்தாம் அத்தியாயத்தின் இறுதிப் பக்கத்தை ஒருவர் மட்டும் உரத்து வாசிக்கட்டும். கடைசிச் சொல் ஒரு குருவியின் ஒலி. கேள்விக்குறியோடு முடிகிறது. 'பூ-டீ-வீட்?' என்று ஒலியாகவே வாசியுங்கள், அர்த்தம் கேட்டால் சொல்லாதீர்கள். வாசிக்கிறவர் குரலை இறக்கி முடித்துவிடுவார், பழக்கம் அப்படி. கேள்வியாக ஏற்றி வாசிக்கும்படி முதலே சொல்லி வையுங்கள்.