வாட்டர் கூலிங் பாகங்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி? முதலில் அளவு டேப்பை எடுங்கள்

முதல்முறை என் கம்ப்யூட்டருக்கு வாட்டர் கூலிங் போட்டபோது நான் முதலில் வாங்கியது பிராசஸர் மேல் உட்காரும் வாட்டர் பிளாக். நிக்கல் பூச்சு, ஓரத்தில் விளக்கு, பார்த்ததும் பிடித்துப்போனது. அதற்குப் பொருத்தமாக ஒரு பம்ப், அப்புறம் 45 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு ரேடியேட்டர். கேபினட்டின் மேல்பக்கம் ரேடியேட்டரை வைத்து, ஃபேனை மாட்டி, திருகு முடுக்கப் போனால் ஃபேன் விளிம்பு மதர்போர்டின் ஹீட்சிங்க்கில் இடித்தது. ரேடியேட்டர் 45, ஃபேன் 25, ஆக 70 மில்லிமீட்டர் வேண்டும். இருந்ததோ 58. வாங்குவதற்கு முன் போட்டிருக்க வேண்டிய கூட்டல் கணக்கு.

அதனால் கடையில் கண்ணில் படும் வரிசையை விட்டுவிட்டு, ஒன்றை முடிவு செய்தால் அடுத்தது தானாக முடிவாகும் வரிசையில் இங்கே போகிறேன். தனித்தனிப் பாகங்களை வாங்கி நாமே இணைக்கும் முறையைப் பற்றித்தான் பேச்சு. தொழிற்சாலையிலேயே மூடி வரும் ஏஐஓ வகைக்கு இந்தத் தலைவலி பாதிகூடக் கிடையாது.

படி 1: எவ்வளவு சூடு என்று தெரிந்துகொள்ளுங்கள்

பெட்டியில் போட்டிருக்கும் வாட் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். ரைசன் 9 7950எக்ஸ் பிராசஸருக்கு டிடிபி, அதாவது கூலருக்காக நிறுவனம் சொல்லும் சூட்டுக் கணக்கு, 170 வாட். ஆனால் சாக்கெட் (மதர்போர்டில் பிராசஸர் உட்காரும் இடம்) வழியாக 230 வாட் வரை இழுக்க அனுமதி உண்டு. கோர் ஐ9 13900கே-வுக்கு அடிப்படை 125 வாட், உச்சம் 253 வாட். ரைசன் 5 7600 மாதிரி 65 வாட் பிராசஸர் 88 வாட்டோடு நின்றுவிடும். உங்களுடையது இந்தக் கடைசி ரகம் என்றால் நல்ல ஏர் கூலரே தாராளம். அழகுக்காகப் போடுகிறேன் என்றால் சரி, அதுவும் ஒரு காரணம்தான்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பிளாக் சூட்டை வாங்குகிறது, தண்ணீர் அதைச் சுமக்கிறது, ரேடியேட்டர் அறைக் காற்றில் விடுகிறது. அறைக் காற்றை விடக் குளிர்ச்சியாகத் தண்ணீரை எந்த ரேடியேட்டரும் ஆக்காது. சூடு கடைசியில் வெளியேறுவது ரேடியேட்டரில்தான் என்பதால் அங்கிருந்தே தொடங்குவோம்.

படி 2: கேபினட்டை அளந்து ரேடியேட்டரை முடிவு செய்யுங்கள்

ரேடியேட்டரின் பெயர் அதில் மாட்டும் ஃபேன்களின் கணக்கு. 240 என்றால் இரண்டு 120 மில்லிமீட்டர் ஃபேன், 360 என்றால் மூன்று. 280 என்றால் இரண்டு 140. பலர் 280-ஐக் கண்டுகொள்வதே இல்லை. பரப்பைக் கணக்கிட்டுப் பாருங்கள்: 240-ஐ விட ஏறக்குறைய 36 சதவீதம் கூடுதல், 360-க்குக் கொஞ்சம்தான் குறைவு. 360 நுழையாத கேபினட்டில் இது நல்ல வழி.

எவ்வளவு பெரியது வேண்டும்? ஒரு 120 ஃபேன் அளவுக்குச் சுமார் 100 வாட் என்பது பழகியவர்கள் போடும் கைக்கணக்கு. ஃபேன் சத்தம் அதிகம் இல்லாமல் இது நடக்கும். 230 வாட் பிராசஸருக்கு 240 ஒப்பேற்றும், 360 இருந்தால் நிம்மதி. கிராபிக்ஸ் கார்டையும் பிற்பாடு இதே சுற்றில் சேர்க்கும் எண்ணம் இருந்தால் அதன் வாட்டையும் இப்போதே கூட்டிக்கொள்ளுங்கள்.

இப்போது டேப். மூன்று அளவுகள் எடுக்க வேண்டும். ஒன்று, நீளம்: 360 ரேடியேட்டர் 360 மில்லிமீட்டரில் முடியாது, இரு முனைகளிலும் தண்ணீர்த் தொட்டி இருப்பதால் இன்னும் 30, 40 மில்லிமீட்டர் நீளும். இரண்டு, தடிமன்: 30 மில்லிமீட்டர் ரேடியேட்டரோடு 25 மில்லிமீட்டர் ஃபேன் சேர்ந்தால் 55. கேபினட்டின் கூரையிலிருந்து மதர்போர்டின் உயர்ந்த பகுதிவரை அந்த இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். மெமரி குச்சிகளின் உயரத்தை மறக்காதீர்கள். மூன்று, முன்பக்கம் மாட்டினால் கிராபிக்ஸ் கார்டின் முனைக்கும் ஃபேனுக்கும் நடுவே என்ன மிச்சம் என்று பாருங்கள். முதல்முறை செய்பவர்களுக்கு 30 மில்லிமீட்டர் தடிமனே போதும். தடித்த ரேடியேட்டரின் பலன் ஃபேன் வேகமாகச் சுற்றும்போதுதான் தெரியும்.

ஃபேனில் ஒரே விஷயம். ரேடியேட்டரின் நெருக்கமான தகடுகளுக்குள் காற்றைத் தள்ள ஸ்டாட்டிக் பிரஷர், அதாவது தடையை மீறித் தள்ளும் அழுத்தம், அதிகமுள்ள ஃபேன் வேண்டும். வேகத்தை மதர்போர்டே கூட்டிக் குறைக்கக்கூடிய நான்கு பின் பிடபிள்யூஎம் வகையாகப் பார்த்து எடுங்கள்.

படி 3: ஒரே உலோகக் குடும்பம்

செம்பு, பித்தளை, நிக்கல் பூச்சு ஆகியவை ஒரே சுற்றில் ஒத்துப்போகும். அலுமினியத்தை இவற்றோடு சேர்க்கவே கூடாது. இரு வேறு உலோகங்கள் ஒரே திரவத்தில் நனைந்தால் பேட்டரிபோல மின்வேதி வினை நடக்கும். அலுமினியம் அரித்துத் தன்னையே தின்றுகொள்ளும், கடைசியில் ஒழுகும். சில மலிவு ரேடியேட்டர்கள் அலுமினியம்தான், கறுப்புப் பெயின்ட் அடித்திருப்பதால் பார்த்தால் தெரியாது. பொருள் விவரத்தில் "செம்பு" அல்லது "பித்தளை" என்று எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். எதுவும் எழுதாமல் விட்டிருந்தால் வாங்காதீர்கள்.

படி 4: பம்ப்பும் ரிசர்வாயரும்

பம்ப்பில் பெரும்பாலும் இரண்டு வகைப் பெயர்கள் காதில் விழும்: டி5, டிடிசி. டிடிசி சின்னது, அழுத்தம் அதிகம், ஆனால் அதுவே சூடாகும். டி5 கொஞ்சம் பெரியது, சத்தம் குறைவு. இடம் இருந்தால் டி5 எடுங்கள் என்பேன். ரிசர்வாயரோடு (தண்ணீரை ஊற்றி நிரப்பும் தொட்டி) சேர்ந்தே வரும் காம்போ வாங்கினால் இரண்டு ஃபிட்டிங்கும் (ட்யூப்பைப் பாகத்தோடு இணைக்கும் மூட்டு) ஒரு ட்யூப்பும் மிச்சம், ஒழுகும் இடமும் குறையும்.

தண்ணீர் எந்த வரிசையில் சுற்ற வேண்டும் என்று கேட்காத புதியவரே கிடையாது. ரேடியேட்டர் முதலா, பிளாக் முதலா? கணக்குப் போட்டே பார்க்கலாம். நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓடும் தண்ணீரில் 230 வாட் சூடு ஏறினால் வெப்பநிலை சுமார் 1.1 டிகிரிதான் உயரும். எனவே ட்யூப் எப்படிப் போனால் மடங்காமல் அழகாகப் போகுமோ அப்படிப் போடுங்கள். ஒரே ஒரு விதி மட்டும் உண்டு: பம்ப்புக்கு முன்னால், அதைவிட உயரத்தில் ரிசர்வாயர். இந்தப் பம்ப்புகளுக்கு மசகு எண்ணெய் மாதிரி வேலை செய்வது உள்ளே ஓடும் தண்ணீர்தான். வறண்டு ஓடினால் கெட்டுப்போகும்.

படி 5: பிளாக்

ஆசைப்பட்டது இப்போதுதான் வருகிறது. அடிப்பகுதி செம்பு, அதில் மயிரிழைபோல வெட்டிய நுண் தகடுகள். நல்ல பிளாக்குகளுக்கு இடையே வித்தியாசம் சில டிகிரிதான், ஆகவே சாக்கெட் பொருந்துகிறதா என்பதே முக்கியம். இன்டெலின் எல்ஜிஏ 1200 சாக்கெட்டில் திருகுத் துளைகளுக்கு இடையே 75 மில்லிமீட்டர். எல்ஜிஏ 1700-இல் 78. பழைய பிளாக்கை மாட்ட வேண்டுமானால் அதற்கான தனிக் கிட் தேவை. ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டில் மதர்போர்டின் பின்தகடு சாக்கெட்டையே பிடித்துக்கொண்டிருப்பதால் அதைக் கழற்றிவிட்டு வேறு தகடு போட முடியாது. அந்தத் தகட்டிலேயே திருகும் வகை பிளாக் வேண்டும்.

படி 6: ட்யூப், ஃபிட்டிங்

கண்ணாடிபோல நேராக நிற்கும் ஹார்ட் ட்யூப் படங்களில் அருமையாக இருக்கும். சூடேற்றி வளைக்க வேண்டும், வெட்ட வேண்டும், பாதி வீணாகும். முதல்முறைக்கு வளையும் ட்யூப் போதும். அதிலும் ஈபிடிஎம் ரப்பர். நிறம் கறுப்பு, உள்ளே தண்ணீர் தெரியாது, ஆனால் சில பிவிசி ட்யூப்களிலிருந்து கசிந்து பிளாக்கின் நுண் தகடுகளை அடைக்கும் பிளாஸ்டிசைசர் (பிளாஸ்டிக்கை வளைய வைக்கச் சேர்க்கும் பொருள்) தொல்லை இதில் இல்லை.

ட்யூப்பில் 10/16 என்று போட்டிருந்தால் உள்விட்டம் 10, வெளிவிட்டம் 16 மில்லிமீட்டர். ட்யூப்பை வளையம் போட்டு இறுக்கிப் பிடிக்கும் கம்ப்ரெஷன் ஃபிட்டிங்கிலும் இரண்டு எண்களும் அப்படியே இருக்க வேண்டும். 10/13 ஃபிட்டிங்கில் 10/16 ட்யூப் ஏறாது. மறுமுனையில் இருக்கும் மரை ஏறக்குறைய எல்லாப் பாகங்களிலும் ஜி1/4 என்பதால் அங்கே குழப்பம் இல்லை. எண்ணிக்கை: பம்ப் காம்போ, பிளாக், ரேடியேட்டர், மூன்றுக்கும் இரண்டிரண்டு வாய், ஆக 6. அதோடு தண்ணீரை வடிக்க கிளை பிரிக்கும் ஒரு டி ஃபிட்டிங், திறந்து மூட ஒரு பால் வால்வு, வாயை அடைக்க ஒரு ஸ்டாப் பிளக், இந்தக் கிளைக்கும் சேர்த்து இரண்டு மூன்று ஃபிட்டிங் கூடுதல். வடிகால் வைக்காமல் விட்டால் அடுத்த முறை தண்ணீர் மாற்றும்போது கேபினட்டையே கவிழ்க்க வேண்டிவரும்.

ஃபிட்டிங்கைக் கையாலேயே இறுக்குங்கள். ஸ்பேனர் வேண்டாம். அடைப்பது ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம், அதிகம் நெரித்தால் அதுதான் கிழியும்.

படி 7: கூலன்ட்

குழாய்த் தண்ணீர் கூடாது, உப்பு படியும். தயாராகக் கலந்து வரும் தெளிவான கூலன்ட் புதியவர்களுக்கு எளிது. அரிப்பையும் பாசியையும் தடுக்கும் சேர்மங்கள் அதிலேயே இருக்கும். பால் மாதிரி நிறமுள்ளவை படிந்து அடைத்துக்கொள்ளும், தள்ளியே இருங்கள்.

படி 8: கடைசிச் சோதனை

ரேடியேட்டரை டிஸ்டில்டு வாட்டரால் நாலைந்து முறை குலுக்கிக் கழுவுங்கள், உள்ளிருந்து வரும் துகளைப் பார்த்தால் ஏன் என்று புரியும். எல்லாம் இணைத்தபின் பவர் சப்ளையிலிருந்து பம்ப்புக்கு மட்டும் கரண்ட் போக வேண்டும். மதர்போர்டு, பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு, எல்லாக் கேபிளையும் கழற்றிவிட்டு பவர் சப்ளையின் 24 பின் கனெக்டரில், மதர்போர்டு இல்லாமலே அதை இயக்க வைக்கும் ஜம்பர் பிளக் போடுங்கள். ரிசர்வாயரை நிரப்பி, பம்ப்பைச் சில நொடி ஓட்டி, மட்டம் இறங்கியதும் நிறுத்தி, மறுபடி நிரப்புங்கள். மட்டம் இறங்காமல் நின்றபின் ஒவ்வொரு ஃபிட்டிங்கின் கீழும் டிஷ்யூ பேப்பர் வைத்துச் சில மணி நேரம் ஓட விடுங்கள். முதலில் கரகரவென்று சத்தம் வரும், பயப்பட வேண்டாம், காற்றுக் குமிழிகள்தான். கேபினட்டை இப்படியும் அப்படியும் லேசாகச் சாய்த்தால் அவை ரிசர்வாயருக்கு வந்துவிடும். டிஷ்யூ எல்லாம் காய்ந்தே இருந்தால் பவர் சப்ளையை அணைத்து, ஜம்பரை எடுத்துவிட்டு, கேபிள்களைத் திரும்பச் செருகுங்கள்.