நிலப்பிளவுக்கு அருகே நிற்கும் கட்டடம் வலுவான அதிர்வைத் தாங்குமா என்று கணிக்கும் முறை

பூமிக்கடியில் பாறைகள் உடைந்து ஒன்றையொன்று உரசி நகரும் இடமே நிலப்பிளவு. பிளவிலிருந்து வெகு தொலைவில் உள்ள கட்டடத்தை நிலநடுக்கம் பல விநாடிகள் முன்னும் பின்னுமாக ஆட்டுகிறது. பிளவுக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் நிற்கும் கட்டடத்தின் கதியோ பெரும்பாலும் ஓரிரு பெரிய தள்ளல்களிலேயே முடிவாகிவிடுகிறது. ஆகவே இங்கே நிலத்தின் உச்ச முடுக்கத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. தள்ளல் எவ்வளவு நேரம் நீடித்தது, அதற்குள் நிலம் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பவையே முதன்மையான கேள்விகள்.

இதைக் கற்க, கலிஃபோர்னியாவின் சில்மாரில் உள்ள ஆலிவ் வியூ மருத்துவமனையை விடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. 1971 பிப்ரவரி 9-ஆம் தேதி சான் ஃபெர்னாண்டோவில் 6.6 அளவில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில், அப்போதுதான் கட்டி முடிக்கப்பட்டிருந்த அதன் முதன்மைக் கட்டடம் பயனற்றுப்போய்ப் பின்னர் இடிக்கப்பட்டது. அதே வளாகத்தில் எழுந்த ஆறு தளப் புதுக் கட்டடம், 1994 ஜனவரி 17-ஆம் தேதி 6.7 அளவிலான நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தைச் சந்தித்தது.

கணிப்பைத் தொடங்கும்போது, பிளவு நிலத்தின் மேற்பரப்பைக் கிழித்துக்கொண்டு வெளிவரக்கூடிய கோடு கட்டடத்தின் அடியில் செல்கிறதா என்று பாருங்கள். சென்றால் மேற்கொண்டு கணக்கிடுவதில் பயனில்லை. அடித்தளத்தின் ஒரு பாதி மற்றொரு பாதியை விட்டு நகரும்போது தூணின் வலிமை உதவாது என்பதை, 1999 நிலநடுக்கத்தில் பிளவு அடியிலேயே கிழித்துச் சென்ற தைவானின் ஷிகாங் அணை காட்டியது. கலிஃபோர்னியா 1972-இல் இயற்றிய சட்டம் இத்தகைய கோடுகளின் மீது மனிதர்கள் புழங்கும் கட்டடங்கள் எழுவதைத் தடுப்பதும் இதனால்தான்.

கோட்டிலிருந்து விலகி நின்றால், அடுத்ததாக உடைவு எந்தத் திசையில் ஓடி வரும் என்பதை ஆராய வேண்டும். பிளவு ஒரே நொடியில் முழுவதும் உடைவதில்லை; ஓரிடத்தில் தொடங்கி, நிலத்தைப் பக்கவாட்டில் ஆட்டும் குறுக்கலைகளின் வேகத்தை விடச் சற்றே குறைந்த வேகத்தில் பரவுகிறது. அது கட்டடத்தை நோக்கி வருமானால், வழிநெடுகக் கிளம்பிய அலைகள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்து குவிந்து ஒரே பெரிய துடிப்பாக மாறுகின்றன. விலகிச் சென்றால், அதே ஆற்றல் நீண்ட நேரத்திற்குச் சிதறிப் பலவீனமாகிறது. 1971-இல் உடைவு மலைக்கு அடியிலிருந்து தெற்கு நோக்கியும், 1994-இல் பள்ளத்தாக்கின் ஆழத்திலிருந்து வடக்கு நோக்கியும் மேலேறியது. இரண்டு முறையும் சில்மார் அதன் பாதையில் அகப்பட்டது.

அடுத்து, அருகிலுள்ள கருவிகளின் பதிவை எடுத்து, அதைப் பிளவுக் கோட்டுக்குக் குறுக்கான திசையாகவும் இணையான திசையாகவும் பிரித்துக்கொள்ளுங்கள். கருவி வைக்கப்பட்ட வடக்கு, கிழக்கு திசைகளிலேயே விட்டுவிட்டால் துடிப்பு இரண்டிலும் பங்கிடப்பட்டுச் சிறிதாகத் தோன்றி ஏமாற்றும். பின்னர் முடுக்க வரைபடத்தை ஒதுக்கிவைத்துத் திசைவேக வரைபடத்தைப் பாருங்கள். நார்த்ரிட்ஜின்போது ரினால்டி என்னும் நிலநடுக்கப் பதிவு நிலையத்தில் பதிவான உச்சத் திசைவேகம் விநாடிக்குச் சுமார் 1.7 மீட்டர். அந்தத் துடிப்பின் காலம், அதாவது ஒருமுறை முன்னும் பின்னுமாகத் தள்ளி முடிக்க எடுத்த நேரம், ஒரு விநாடியை ஒட்டியது. ஒரு பக்கத் தள்ளலில் நிலம் நகரும் தூரத்தைத் தோராயமாக அறிய, உச்சத் திசைவேகத்தைத் துடிப்பின் காலத்தால் பெருக்கி 3.14-ஆல் வகுத்தால் போதும். விடை அரை மீட்டருக்கு மேல் வருகிறது. அதுவும் அரை விநாடி அளவிலான நேரத்திற்குள்.

துடிப்பின் காலத்தைக் கட்டடத்தின் இயல்பான அலைவுக் காலத்தோடு, அதாவது அது ஒருமுறை முன்னும் பின்னும் ஆடி முடிக்க எடுக்கும் நேரத்தோடு, ஒப்பிடுங்கள். தூணும் உத்திரமும் கொண்ட கட்டடத்திற்குத் தளத்துக்குப் பத்தில் ஒரு விநாடி என்பது பழைய கைக்கணக்கு. ஆறு தளமென்றால் 0.6 விநாடி வரும், துடிப்பைவிடக் குறைவு என்று நிம்மதி அடைய வேண்டாம். கான்கிரீட் விரிசல் விட்டுக் கம்பி நெகிழத் தொடங்கியதும் கட்டடம் தளர்ந்து அதன் அலைவுக் காலம் நீளும். துடிப்பைவிடக் குறைவாக இருந்தது அதை நோக்கியே நகரும். கம்பி நெகிழ்ந்து ஆற்றலைக் கரைக்கப் பல சுழற்சிகள் தேவைப்படுகின்றன. துடிப்பு அந்த அவகாசத்தைத் தருவதில்லை என்பதால், ஒரே தள்ளலில் கட்டடம் ஒரு பக்கமாகச் சாய்ந்து அப்படியே நின்றுவிடுகிறது.

அந்தச் சாய்வு எந்தத் தளத்தில் குவியும் என்பதே இந்தக் கணிப்பின் மையம். ஆலிவ் வியூவின் பழைய கட்டடத்தில் மேல் தளங்களுக்கு இருந்த விறைப்பான சுவர்கள் தரை வரை இறங்கவில்லை. கீழே தூண்கள் மட்டுமே இருந்தன. மேற்பகுதி ஒரே பெட்டியைப் போல நகர, நகர்வு முழுவதும் தரைத்தளத் தூண்களின் தலையில் விழுந்தது. அவற்றுள் சுருள் கம்பியால் இறுகச் சுற்றப்பட்டவை வளைந்தும் சுமையை விடவில்லை. தனித்தனி வளையக் கம்பிகள் இடப்பட்ட மூலைத் தூண்கள் நொறுங்கின. எனவே ஒவ்வொரு தளத்திலும் மேல்தரைக்கும் கீழ்த்தரைக்கும் இடையிலான நகர்வு வேறுபாட்டைத் தளத்தின் உயரத்தால் வகுத்துப் பார்க்க வேண்டும். மூன்று மீட்டர் தளத்தில் ஆறு சென்டிமீட்டர் என்றால் இரண்டு விழுக்காடு. ஒரு தளத்தில் மட்டும் இந்த எண் மற்றவற்றைவிடப் பல மடங்கு எகிறினால், கட்டடத்தின் மொத்த வலிமை காகிதத்தில் எவ்வளவு இருந்தாலும் அதை நம்ப வேண்டாம். வரைபடத்தில் தூண்களின் வளையக் கம்பி இடைவெளியையும் அங்கேயே சரிபாருங்கள்.

விதிநூல்களும் தாமதமாக இதை ஏற்றுக்கொண்டன. 1997-ஆம் ஆண்டின் அமெரிக்க யூனிஃபார்ம் பில்டிங் கோடு, மிகப் பெரிய பிளவுக்கு இரண்டு கிலோமீட்டருக்குள் உள்ள கட்டடங்களுக்கு, நீண்ட அலைவுக் காலப் பகுதியில் வடிவமைப்பு விசையை இரு மடங்காக்கியது. ரப்பர் தாங்கிகளின் மீது அமர்த்தப்பட்ட கட்டடமானால், விசையைவிட, அது நகர இடம் தரும் சுற்று அகழியின் அகலத்தையே முதலில் அளக்க வேண்டும்; துடிப்பு நீளமானால் தாங்கி எல்லை தாண்டி, கட்டடம் அகழிச் சுவரில் மோதும்.

இறுதியாக, கட்டமைப்பு பிழைத்தால் போதும் என்று நிறுத்திவிடாதீர்கள். ஆலிவ் வியூவின் புதுக் கட்டடத்தில் கீழ் இரண்டு தளங்களில் கான்கிரீட் சுவர்களும் அதற்கு மேல் உருக்குத் தகட்டுச் சுவர்களும் இருந்தன. 1994-இல் தரையில் ஈர்ப்பு முடுக்கத்தின் 0.9 மடங்கும் கூரையில் 2.3 மடங்கும் பதிவாயின. சட்டகம் அதைத் தாங்கி நின்றது. ஆனால் விறைப்பான கட்டடம் முடுக்கத்தைப் பெருக்கியே மேலே அனுப்பும். கூரைக்குக் கீழே தொங்கிய தீயணைப்புத் தெளிப்பான் குழாய்கள் உடைந்து தண்ணீர் தளங்களில் பெருக, நோயாளிகளை வெளியேற்ற வேண்டியதாயிற்று. ஆகவே குழாய்த் தாங்கிகள், தொங்கு கூரை, மின்தூக்கி, கூரைமேல் தொட்டி ஆகியவற்றின் பிடிமானங்களைத் தரை முடுக்கத்திற்கு அல்ல, அவை பொருத்தப்பட்டிருக்கும் தளத்தின் முடுக்கத்திற்கே கணக்கிடுங்கள்.